எரிமலைக்குப் பூட்ஸ், நம்ம மலைக்கு வெறுங்கால்

என் தம்பிக்கு ஊர் சுற்றுவதுதான் பிழைப்பு. ஊட்டி, கொடைக்கானல் என்று மனுஷர்கள் போகிற ஊர் இல்லை. எங்கே போனால் ஆள் திரும்பி வருவது சந்தேகமோ, அங்கேதான் போவான். கந்தகப் புகை கக்குகிற எரிமலை, அணு உலை வெடித்து ஜனங்கள் போட்டது போட்டபடி ஓடிப்போன ஊர், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பாதாளமுமாக ஒற்றை வண்டி மட்டும் போகிற சாலை, சுவர் முழுக்க மண்டை ஓடு அடுக்கி வைத்திருக்கிற சுரங்கம். அங்கெல்லாம் நின்று கேமராவைப் பார்த்து, "வணக்கம் மக்களே, உயிரோடதான் இருக்கேன்" என்று பல்லைக் காட்டுவான்.

சனிக்கிழமைதோறும் அவன் சேனலில் ஒரு வீடியோ வரும். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்ப்பேன். முடிகிறவரை, விழுந்துவிடாதேடா என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். "வீடியோ வந்துச்சுனா ஆளு பத்திரமா திரும்பிட்டான்னுதான அர்த்தம், அப்புறம் இன்னா பயம்?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் வேங்கிக்காலில் அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்கிறவர். எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் அவருக்கு. பயத்துக்குக் காரணமெல்லாம் தெரியுமா?

எங்களுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். அப்பா இல்லை. அம்மா மட்டும் வேர்க்கடலை போடுகிற மல்லாட்டைக் கொல்லையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். தம்பி இன்ஜினியரிங் படித்து, பெங்களூரில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, ஒரு நாள் அதை உதறிவிட்டு இந்தச் சேனலைத் தொடங்கினான். தெருவில் யாராவது கேட்டால், பையனுக்கு வெளிநாட்டில் வேலை என்று அம்மா சொல்லிவிடுவாள். நான் கல்யாணமாகி வந்தது திருவண்ணாமலைக்கு. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகிற சந்தில் வீடு. மாடியில் இரண்டு அறைகள் கட்டி, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். தம்பி ஊருக்கு வந்தால் அதில் ஒன்று அவனுக்கு.

ஒன்று சொல்லிவிடுகிறேன், அவன் முட்டாள் இல்லை. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கொழுப்பெடுத்துப் போய் விழுந்தான் என்று பேசிய வாய்கள் உண்டு. அந்த வாய்களுக்கு ஒன்றும் தெரியாது. எரிமலைக்குப் போவதற்கு முன்னால் என் கூடத்தில்தான் சாமான்களைப் பரப்பி வைத்து மூட்டை கட்டினான். கணுக்காலுக்கு மேலே வருகிற பூட்ஸ், முகமூடி, தலைக்கவசம், கயிறு, விசில், காயத்துக்கு மருந்து. உள்ளூர் வழிகாட்டி ஒருவர் இல்லாமல் எங்கேயும் அடி எடுத்து வைக்க மாட்டான். இன்ன இடத்துக்குப் போகிறேன், இத்தனை மணிக்குள் பேசாவிட்டால் இந்த நம்பருக்குக் கூப்பிடு என்று எனக்கு அனுப்பி வைத்துவிட்டுத்தான் ஏறுவான். உலகத்தில் எத்தனையோ பயங்கரமான இடங்களுக்கு அவனை நான் அப்படித்தான் வழியனுப்பினேன், திட்டிக்கொண்டேதான் என்றாலும்.

அந்தக் கோடையில் வந்தவன் வழக்கத்தைவிட ஜாஸ்தி நாள் தங்கினான். காலையில் மொட்டை மாடியில் நின்று பல் தேய்த்தபடியே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். துணி காயப்போடும்போது, வண்டியைக் கிளப்பும்போது, கண் தானாக அந்தப் பக்கம் போகும். ஆனால் அவன் பார்த்தது வேறு. முந்தின கார்த்திகையில் கொட்டிய பெருமழையில் பாறையும் மண்ணுமாகச் சரிந்து வீடுகள்மேல் இறங்கிய பிறகு, மலையில் ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. புல்லும் முளைக்கவில்லை. யாரும் ஏறக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். அவன் கண் அந்தக் கோட்டிலேயே நின்றது.

"அக்கா, உலகம் பூரா சுத்திட்டேன். நம்ம மலைய எடுக்கலயே" என்றான்.

"எட்ப்ப, எட்ப்ப. போலீஸ்காரன் வந்து ஒன்ன எட்த்துனு போவான். வாயக் கொப்புளிச்சுட்டு வந்து காபியக் குடி."

"அந்தச் சரிஞ்ச எடத்துக்கு மேல நின்னு பாத்தா எப்டி இருக்கும்க்கா?"

"பாடையில படுத்துப் பாத்தா எப்டி இருக்குமோ அப்டி இருக்கும். எறங்கி வாடா கீழ."

சிரித்தான். என் வாய்க்கு அவன் எப்போதும் சிரிப்பான். அன்றைக்கு அவன் போன் எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை. விடிந்தும் விடியாமல் எழுந்து குளித்து, நெற்றியில் விபூதியோடு வந்து நின்றான். தோளில் சின்னப் பை. கிரிவலம் போகிறேன் என்றான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ட கண்ட ஊரெல்லாம் சுற்றுகிறவன் ஒரு தரம் சாமியைச் சுற்றட்டும் என்று நினைத்தேன்.

"நாஷ்டாவுக்கு வந்துருவேன்க்கா. இட்லி வை."

"வர்றப்ப கருவேப்பில வாங்கினு வா."

அவனோடு நான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். கருவேப்பிலை.

இட்லி ஆறியது. வெயில் ஏறியது. போன் அடித்தால், எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னாள். சாதாரணமாகக் கிரிவலம் போய் எவ்வளவு நேரத்தில் திரும்புவார்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வழியில் எவனாவது சிநேகிதனைப் பார்த்து டீக்கடையில் உட்கார்ந்துவிட்டான் என்று முதலில் கோபம்தான் வந்தது. வரட்டும், இன்றைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். மாடியில் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு வாசலைப் பெருக்கும்போது பார்த்தேன். அவன் செருப்பு வாசலில் இல்லை.

கிரிவலத்துக்கு யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு போவதில்லை. எங்கள் வீட்டில் யார் போனாலும் வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் இறங்குவோம். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருக்கிறான் என்றால், மலையேறுகிற இடத்தில் போய்த்தான் கழற்றப் போகிறான் என்று அர்த்தம். துடைப்பத்தைத் தூக்கிப் போட்டேன். "இன்னாங்க! வண்டிய எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் சந்தே வெளியே வந்தது.

மலையடிவாரத்தில் சரிவின் பக்கமாக மேலே போகிற ஒரு தடம் உண்டு. தடை போட்ட பிறகு குறுக்கே முள் போட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு வேப்பமரம், அடியில் சின்னதாக ஒரு பிள்ளையார், எதிரே ஒரு அம்மாளின் டீக்கடை. அந்த வேப்பமரத்தடியில் எப்போதும் செருப்புகள் குவிந்து கிடக்கும். இந்த வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சனி பிடித்து ஆட்டுகிறது, தொட்டதெல்லாம் துலங்கவில்லை என்றால், சனிக்கிழமையில் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெறுங்காலோடு வீட்டுக்குப் போவார்கள். பீடை செருப்போடு போயிற்று என்று நிம்மதி. அந்தச் செருப்பை வேறு யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் தொட்டவரோடு வந்துவிடுமாம்.

டீக்கடை அம்மாளிடம், காலையில் ஒரு பையன் வந்தானா என்று கேட்டேன்.

"ஆளப் பாக்கலம்மா. நான் கட தொறக்கறப்பவே ஒரு ஜோடி செருப்பு அந்த முள்ளாண்ட கெடந்துச்சு. நல்ல செருப்பு, புச்சு. இன்னிக்கி சனிக்கெழமயாச்சே, யாரோ பாவம் கழட்டி வுட்டுட்டுப் போயிருக்காங்கனு குச்சியால தள்ளி அங்க போட்டேன்."

குவியலின் ஓரத்தில் கிடந்தது அவன் செருப்பு. குனிந்து எடுக்கப் போனேன். "தொடாதம்மா!" என்று அந்த அம்மாள் பதறினாள். என் வீட்டுக்காரர்கூட, எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கிற அந்த மனுஷர், என் கையைப் பிடித்தார். உதறிவிட்டு எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். வெயிலில் கிடந்து கொதித்தது அது.

காலையிலிருந்து அந்த வழியாகப் போனவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். வேறு ஊராக இருந்தால், வேறு நாடாக இருந்தால், தடை போட்ட பாதைக்கு முன்னால் ஒரு ஜோடி புதுச் செருப்பு தனியாகக் கிடந்தால், எவனோ மேலே போயிருக்கிறான் என்று ஒருத்தருக்காவது தோன்றியிருக்கும். எங்கள் ஊரில் எல்லோரும் ஒதுங்கி நடந்தார்கள்.

அவனும் நம் ஊர்க்காரன்தானே. எரிமலைக்குப் பூட்ஸ் போட்டவன், இந்த மலைக்குச் செருப்பைக் கழற்றினான். ஈசனே மலையாக நிற்கிறான், அதன்மேல் செருப்புக் காலை வைப்பதா என்று எங்களுக்குச் சொல்லித்தந்து யாரும் வளர்க்கவில்லை. அது ரத்தத்தில் இருக்கிறது. கயிறு இல்லை, விசில் இல்லை, வழிகாட்டி இல்லை. பையில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில், கேமரா, கற்பூரம். எங்கே போகிறேன் என்று ஒரு வார்த்தை யாருக்கும் அனுப்பவில்லை. வேற்று நாட்டு மலைக்கெல்லாம் பயந்து பயந்து போனவனுக்கு, இதற்குப் பயப்பட வேண்டும் என்று தோன்றவே இல்லை. நம்ம மலை என்ன செய்துவிடும் என்று நினைத்திருப்பான்.

வனத்துறை ஆட்களும், சரிவுக்குக் கீழே குடியிருக்கிற தெருப் பையன்களும் ஏறினார்கள். நான் முள்ளுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மலையில் ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு பெரிய ஊரின் ஹாரன், பாட்டு, பஸ் எல்லாம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருக்க, முன்னால் அந்தச் சிவப்பு மண் மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அவ்வப்போது மேலிருந்து ஒரு கல் தானாக உருண்டு வரும். நின்றுவிடும். யார் காலும் படாமல் அது ஏன் உருளுகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறந்ததிலிருந்து கும்பிட்ட மலை, அன்றைக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பொழுது சாய்கிறபோது போர்வையில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

சரிவின் விளிம்பில் நின்றிருக்கிறான். மண் விட்டுவிட்டது. ஒரு பாறை இடுக்கில் விழுந்து கால் முறிந்து கிடந்திருக்கிறான். வனத்துறைக்காரர் நல்ல மனுஷர், வயதானவர், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "மத்தியானம் வரைக்கும் இருந்திருப்பாரும்மா. பாட்டில் காலியா இருந்துச்சு. நகர்ந்து நகர்ந்து நெழலுக்கு வரப் பாத்திருக்காரு." அவன் உள்ளங்கால் இரண்டும் வெந்து தோல் உரிந்திருந்தது. நான் அதைத்தான் பார்த்தேன். முகத்தை அப்புறம்தான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஒரு வேலை செய்தேன். குப்பை வண்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு அந்த வேப்பமரத்தடிக்குப் போய், குவியலில் இருந்த செருப்புகளை இரண்டு கையாலும் வாரி வாரி வண்டியில் போட்டேன். அவர் தொட மாட்டேன் என்று தள்ளி நின்றார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. "ஊரு சனியெல்லாம் இந்தம்மா மேலதான் ஏறப்போவுது" என்று ஒருத்தி சொன்னாள். "ஏறட்டும்டீ! இன்னும் ஏறறதுக்கு இன்னா பாக்கி இருக்குது?" என்று கத்தினேன். அடுத்த சனிக்கிழமையே அங்கே மறுபடியும் செருப்பு கிடந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் இன்னொன்றும் நடந்தது. காரியத்துக்கு வந்த அம்மா எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். மதியம், என் போன் ஒலித்தது. தம்பியின் சேனலில் புதிய வீடியோ. தொட்டேன். "வணக்கம் மக்களே, உயிரோடதான் இருக்கேன்" என்றான் அவன். நீலச் சட்டை. பின்னால் எங்கேயோ ஒரு பனி மலை.

நான் போனைத் தரையில் போட்டுவிட்டேன். பிறகு என் வீட்டுக்காரர் விசாரித்துச் சொன்னார்: முன்கூட்டியே பல வீடியோக்களை ஏற்றி, இந்தத் தேதியில் இது வரவேண்டும் என்று குறித்து வைத்துவிடுவானாம். அது பாட்டுக்கு வருமாம். நிறுத்தலாம் என்றால் அதன் கடவுச்சொல் அவனோடு போய்விட்டது.

அம்மா கீழே கிடந்த போனை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, முழுக்கப் பார்த்தாள். அதுவரை அப்படி அழுதவள், அழுகையை நிறுத்திவிட்டாள். இது பழையது, முன்னாடியே எடுத்தது என்று நான் எடுத்துச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டாள். "சரிம்மா" என்றாள். அடுத்த சனிக்கிழமை காலையிலேயே குளித்துத் தலைசீவி, என் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் பேசினான். வேறு சட்டை, வேறு ஊர். "பாரு, எளச்சுப் போய்ட்டான்" என்றாள். இப்படியே சனிக்கிழமைகள் போயின. பிடுங்கிவிடுங்கள் போனை என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பிடுங்கிப் பார்த்தேன். அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியாக வந்த வீடியோ எங்கள் மொட்டை மாடியில் எடுத்தது. அவனுக்குப் பின்னால் மலை, அந்தச் சிவப்புக் கோடு. "உலகத்துலயே டேஞ்சரான எடம் எங்க அக்கா வீட்டு மாடியிலேர்ந்து தெரியுது மக்களே. அடுத்த வாரம் அங்க போறோம்" என்கிறான். இடையில் படிக்கட்டுப் பக்கமிருந்து என் குரல் கேட்கிறது: "பாடையில படுத்துப் பாத்தா எப்டி இருக்குமோ அப்டி இருக்கும். எறங்கி வாடா கீழ." அவன் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரிக்கிறான்.

கீழே ஜனங்கள் எழுதியிருந்தார்கள். அக்கா செம. அக்கா வேற லெவல். அக்காவுக்கு தனி சேனல் ஆரம்பிங்க ப்ரோ. வழி அனுப்புங்க ப்ரோ, நாங்களும் வர்றோம்.

என் வாயில் வந்த அந்த வார்த்தைக்கு ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினேன்: நான்தான் அந்த அக்கா. என் தம்பி அந்த மலையில் விழுந்து செத்துப்போய்விட்டான். யாரும் ஏறாதீர்கள், உங்கள் காலில் விழுகிறேன். அனுப்பிவிட்டு, உலை வைத்துவிட்டு வந்து பார்த்தேன். அதற்குள் பதில் வந்திருந்தது. ஒருவன் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான். இன்னொருவன் விளம்பரம் சூப்பர் என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஒருவன்: அப்போ கண்டிப்பா போகணும்.

அப்புறம் சில வாரங்களில் ஒரு ஜோடி வந்தது. சென்னையிலிருந்து, புதிதாகக் கல்யாணமானவர்கள். மாடி அறை காலியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே அந்தப் பையன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு முகம் மலர்ந்தது.

"அக்கா, நீங்கதான அந்த வீடியோல திட்றவங்க? நெஜமாவே இங்கிருந்து தெரியுதா அந்த எடம்? நாளைக்கு விடியக்காலம் ஏறலாம்னு இருக்கோம். சும்மா ஒரு ரெண்டு ஷாட்."

அந்தப் பெண் ஏற்கெனவே போனை நீட்டிப் பிடித்திருந்தாள். இரண்டு பேர் காலிலும் ரப்பர் செருப்பு.

எனக்கு வந்ததே ஆத்திரம். "வெளிய போங்க! அறிவிருக்குதா? பெத்தவங்க இருக்காங்களா இல்லயா ஒங்களுக்கு? அங்க போனவன் பொணமா வந்தான். ஒங்க பொணத்தையும் நான்தான் எண்ணினு ஒக்காந்திருக்கணுமா?" என்று கூரை பறக்கக் கத்தினேன். அவர்கள் பயப்படவில்லை. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீடியோவில் வருகிற மாதிரியே பேசுகிறார்கள் பாரேன் என்று அவன் காதில் சொன்னாள். போனை என் பக்கம் இன்னும் நன்றாகத் திருப்பினாள்.

உள்ளேயிருந்து அம்மா எழுந்து வந்தாள். என்னை ஒரு கையால் மெல்ல ஒதுக்கிவிட்டு வாசற்படியில் நின்றாள். அவள் குரல் எப்போதும்போலவே இருந்தது.

"மேலயா போறீங்க, கண்ணு?"

"ஆமாம்மா" என்றான் அவன்.

"அங்க எம் புள்ள இருக்கான். எல்லாரோடவும் பேசிக்கினு, சிரிச்சிக்கினு இருப்பான், பாத்தா தெரிஞ்சுரும். செருப்பு இல்லாம போய்ட்டான். கால் சுட்டுக்கினு எறங்க முடியாம ஒக்காந்திருப்பான். ஒங்க செருப்புல ஒரு ஜோடியக் கழட்டிக் குட்த்துக் கூட்டினு வந்துருங்கப்பா."

அந்தப் பெண் போனை இறக்கினாள். அவன் தன் காலைப் பார்த்தான். அவர்கள் சரி என்று சொல்வார்கள் என்று அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.